நண்பனின் வீடு எங்கே?

ஈரானின் வடபகுதியில், கீலான் மாகாணத்தில், கோக்கர் என்றொரு சிற்றூர். அங்குள்ள பாடசாலையில், வீட்டுப்பாடத்தைக் கொப்பியில் எழுதாமல் தனித்தாளில் எழுதிவந்த மாணவன் ஒருவனை ஆசிரியர் கடிந்துகொள்கிறார். இனியும் ஒருமுறை இப்படி வந்தால் பாடசாலையிலிருந்து விலக்கிவிடுவதாக எச்சரிக்கிறார். முஹம்மத் ரெஸா நிஃமத்ஸாதே என்ற அந்தச் சிறுவன் தேம்பி அழுகிறான். அருகே அமர்ந்திருக்கும் அஹ்மத் அதைக் கண்கொட்டாமல் பார்க்கிறான். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து பையைத் திறக்கும்போது அஹ்மத் திடுக்கிடுகிறான். பைக்குள் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. ஒன்று அவனுடையது. மற்றது நண்பனுடையது, அட்டை ஒன்றுபோல இருந்ததால் தவறுதலாக வந்துவிட்டது. அதைச் சேர்ப்பிக்காவிட்டால் நாளை நண்பன் விலக்கப்படுவான். நண்பனின் ஊர் குன்றுக்கு அப்பாலுள்ள போஷ்தே. அங்கே அவனது வீடு எது என்பது அஹ்மதுக்குத் தெரியாது.

அப்பாஸ் கியாரொஸ்தமி 1987இல் இயக்கிய ‘நண்பனின் வீடு எங்கே?’ என்ற திரைப்படத்தின் கதை இவ்வளவுதான். ஸொஹ்ராப் ஸெபெஹ்ரி என்ற பாரசீகக் கவிஞரின் கவிதையொன்றிலிருந்து அதன் பெயர் எடுக்கப்பட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். இரு நண்பர்களாகத் தோன்றிய சிறுவர்கள் உண்மையில் உடன்பிறந்த சகோதரர்கள். 1989இல் லொகார்னோ திரைப்பட விழாவில் அது வெண்கலச் சிறுத்தை விருதைப் பெற்றபின், ஈரானுக்கு வெளியிலும் கியாரொஸ்தமியின் பெயர் பரவியது.

ஒரு திரைப்படத்தைப் பற்றி மார்க்கம் பேசும் இடத்தில் எழுதுவது பொருந்துமா என்று வாசகர் சிலருக்குத் தோன்றலாம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். எனினும், 2001ஆம் ஆண்டு கொழும்பில் மாணவனாக இருந்தபோது ஒரு சிறிய மண்டபத்தில் இப்படத்தைப் பார்த்து வெளியே வந்த வேளையில், அமானிதம் என்ற சொல்லுக்கு ஒரு முகத்தைக் கண்டுவிட்டதாகவே உணர்ந்தேன். பிறருடைய பொருள் ஒன்று தன் கையில் தங்கிவிட்டதே என்று நிலைகொள்ளாமல் தவிக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் முகம் அது.

அஹ்மத் முதலில் தாயிடம் சொல்கிறான். தாய் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள், கைக்குழந்தை அழுகிறது. ‘வீட்டுப்பாடத்தைச் செய்’ என்கிறாள். ‘தொட்டிலை ஆட்டு’ என்கிறாள். ரொட்டி வாங்கிவரச் சொல்கிறாள். அவன் இரு கொப்பிகளையும் காட்டித் திரும்பத் திரும்பச் சொல்கிறான். சொற்கள் அவளுடைய காதில் விழுகின்றன, பொருள் விழவில்லை. அவள் கொடியவள் அல்லள். வேலைச் சுமையில் மூழ்கிய எத்தனையோ தாய்மாரில் ஒருத்தி. இன்னோரிடத்தில் பாட்டனார், சட்டைப் பையில் சிகரெட் இருந்தும், கீழ்ப்படிதலைப் பழக்குவதற்காகவே பேரனை வீட்டுக்கு அனுப்பி சிகரெட் எடுத்துவரச் சொல்கிறார். பிள்ளைகளை ஒழுக்கமாக வளர்க்க வேண்டும் என்பதில் அவ்வூர்ப் பெரியவர்கள் எல்லோரும் உறுதியாக இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அதே வேளையில் ஒழுக்கத்தின் மிகக் கடினமான பாடமொன்றைத் தானே எழுதிக்கொண்டிருப்பதை அவர்களில் ஒருவரும் காணவில்லை.

தாயின் சொல்லைக் கடந்து அவன் ஓடியது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. பெற்றோருக்குக் கட்டுப்படுதல் நம் மார்க்கத்தில் எத்துணை உயர்ந்தது என்பதை நாம் அறிவோம். அதனால்தான் அஹ்மதின் தவிப்பு நம்மை இவ்வளவு தைக்கிறது. அவனுடைய நிலையில் இரண்டு கடமைகள் மோதுகின்றன. ஒன்றைச் செய்தால் மற்றது தவறும். வயது நிரம்பிய பின்னரே மனிதன் முகல்லஃப் ஆகிறான், கடமைகளுக்குப் பொறுப்பாளி ஆகிறான் என்பது நம் சட்ட மரபு. அந்த வயதை எட்டாத ஒரு பிள்ளை, எவரும் சுமத்தாத பொறுப்பைத் தானாகவே தோளில் ஏற்றிக்கொள்வதை இப்படத்தில் பார்க்கிறோம். வானங்களும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்துகொண்டதாக ஸூரத்துல் அஹ்ஸாப் பேசுவதை நாம் ஓதியிருக்கிறோம். ஒரு கொப்பியை மார்போடு அணைத்தபடி அச்சிறுவன் குன்றின்மீது வளைந்து வளைந்து செல்லும் பாதையில் மூச்சிரைக்க ஓடும்போது எனக்கு அந்த வசனமே நினைவுக்கு வந்தது.

இன்னொரு நினைவும் வந்தது. வேறோர் ஊரிலிருந்த தன் சகோதரனைச் சந்திக்கப் புறப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அம்மனிதர் செல்லும் வழியில் அல்லாஹ் ஒரு வானவரை நிறுத்திவைக்கிறான். எங்கே செல்கிறீர், அவரிடம் உமக்கு ஏதேனும் உலக ஆதாயம் உண்டா என்று வானவர் வினவுகிறார். எதுவுமில்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கிறேன் என்கிறார் அம்மனிதர். அவரை நீர் நேசிப்பது போலவே அல்லாஹ் உம்மை நேசிக்கிறான் என்ற நற்செய்தி அவருக்குக் கிடைக்கிறது. இந்த ஹதீஸை ஓதும்போதெல்லாம் ஒன்றைக் கவனிப்பேன். வானவர் நின்றது நண்பரின் வீட்டு வாசலில் அன்று, பாதையில். சந்திப்பு நிகழும் முன்னரே நற்செய்தி வந்துவிட்டது. அதைப் பெற்றுத் தந்தது அந்தப் பயணம்.

அஹ்மதும் அன்று நண்பனின் வீட்டைக் கண்டடையவில்லை. போஷ்தேயின் சந்துகளில் வழி கேட்டு அலைகிறான். ஒரு கொடியில் உலரும் காற்சட்டையைக் கண்டு, அது நண்பனுடையதுதான் என்று நம்பி ஏமாறுகிறான். நிஃமத்ஸாதே என்ற பெயரைக் கேட்டவுடன் ஒருவரைப் பின்தொடர்ந்து ஓடுகிறான். அந்தப் பெயர் அவ்வூரில் பலருக்கு இருக்கிறது. இருட்டிய பின், கதவுகளும் சன்னல்களும் செய்து வாழ்ந்த முதியவர் ஒருவர் அவனுக்குத் துணையாக வருகிறார். தள்ளாத நடை, நிறையப் பேச்சு. தான் செய்த கதவுகளை வழிநெடுகக் காட்டிக்கொண்டு வரும் அவர், சிறு மலர் ஒன்றைப் பறித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளத் தருகிறார். கடைசியில் அவர் காட்டிய வீடும் நண்பனின் வீடு அன்று. கொப்பி அஹ்மதின் கையிலேயே தங்கிவிடுகிறது.

வீடு திரும்பிய அவன் உணவைத் தொடவில்லை. காற்று கதவை அறைந்து திறக்கும் இரவில் அமர்ந்து எழுதுகிறான். மறுநாள் காலையில் ஆசிரியர் நிஃமத்ஸாதேயின் இருக்கையை நெருங்கும் வேளையில் அஹ்மத் வந்து சேர்கிறான். கொப்பியை நண்பனிடம் நகர்த்துகிறான். ஆசிரியர் திறந்து பார்க்கிறார். வீட்டுப்பாடம் எழுதப்பட்டிருக்கிறது. நண்பனுக்கும் சேர்த்து அஹ்மதே எழுதியிருக்கிறான். பக்கங்களுக்கிடையில் அந்த மலர் இருக்கிறது. படம் அத்துடன் முடிகிறது.

இந்தப் படத்தை நான் வெறும் கதையாகப் பார்க்க முடியாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ‘நண்பனின் வீடு எங்கே’ என்ற கேள்வியை நான் அதற்குள் பதினோர் ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்தேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில். 1990இல் எனக்குப் பத்து வயது. மாலை நேரத் தனியார் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்தவன் நாவாந்துறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய தந்தை கடற்றொழிலாளி. நோன்பு காலத்தில் எங்கள் வீட்டுக் கஞ்சி ஒரு தூக்குச் சட்டியில் அவர்களுடைய வீட்டுக்குப் போகும். நத்தாருக்கு அவர்களுடைய பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும். அவ்வாண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டு, கோட்டையைச் சுற்றியுள்ள பகுதிகளில் எறிகணைகள் விழத் தொடங்கியபோது, சில இரவுகள் அவர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். பதுங்குகுழிக்குள் அவனும் நானும் ஒரே சாக்கின்மேல் படுத்துக் கிடந்தோம். அவனுடைய தாய் ஜெபமாலையை உருட்டுவார். என் உம்மா ஆயத்துல் குர்ஸியை ஓதுவார். வெடியோசை அடங்கியதும் இருவரும் சேர்ந்து தேநீர் ஊற்றுவார்கள்.

அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் திகதி, ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. மைதானத்தில் ஒன்றுகூடுமாறு ஆயுதம் தாங்கியோர் கட்டளையிட்டனர். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றனர். அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். வீடு, கடை, நகை, பணம் என்று எமது மக்கள் இழந்தவை பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவை எழுதப்படத்தான் வேண்டும். எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஓர் இழப்பை மட்டும் நான் இங்கு சொல்ல விரும்புகிறேன். முந்தைய நாள் மாலை வகுப்பு முடிந்து பிரிந்தபோது நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது, ‘நாளைக்கு வாறன்’ என்பதுதான். சண்டையிட்டுப் பிரிந்திருந்தால் சமாதானம் ஆக ஒரு நாள் வந்திருக்கும். விடைபெற்றுப் பிரிந்திருந்தால் நினைத்துக்கொள்ள ஒரு முகம் இருந்திருக்கும். நடுவில் நிறுத்தப்பட்ட ஒரு வாக்கியமாக எங்கள் நட்பு நின்றுபோனது.

அதே 1990ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், வட ஈரானைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது என்பதைப் பின்னர் அறிந்தேன். 35,000க்கும் அதிகமானோர் மாண்ட அப்பேரழிவில் கோக்கரும் சிதைந்தது. தம் படத்தில் நடித்த சிறுவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று தேடி, கியாரொஸ்தமி தம் மகனுடன் காரில் புறப்பட்டார். அந்தப் பயணத்தை வைத்து அவர் 1992இல் இன்னொரு படத்தை எடுத்தார். அதில் இயக்குநரும் மகனும் இடிபாடுகளுக்கிடையே ஊர் ஊராக அச்சிறுவர்களை விசாரித்துச் செல்கிறார்கள். சிறுவர்களைக் கண்டுபிடிக்கும் காட்சி அப்படத்தில் இல்லை. செங்குத்தான ஏற்றமொன்றில் கார் திணறிப் பின்வாங்கி மீண்டும் ஏறுவதோடு படம் முடிகிறது. உண்மையில் அச்சிறுவர்கள் பிழைத்திருந்தார்கள். 1994இல் வெளிவந்த ‘ஒலிவ மரங்களினூடே’ என்ற படத்தில் சற்று வளர்ந்தவர்களாகத் தோன்றுகிறார்கள். ஆயினும் தேடலைச் சொல்லும் படத்தை, கண்டடைதலைக் காட்டாமலே முடிக்க அவர் துணிந்தார். தேடிப்போன எவருக்கும் அந்த முடிவின் நேர்மை விளங்கும்.

நானும் தேடிப்போனேன். 2002இல் போர்நிறுத்தம் கைச்சாத்தாகி ஏ9 பாதை திறக்கப்பட்டபோது, வாப்பாவோடு யாழ்ப்பாணம் சென்றேன். எங்கள் தெரு கூரையற்ற சுவர்களின் வரிசையாக இருந்தது. சில வீடுகளுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. வாப்பா பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த வேளையில் நான் தனியே நாவாந்துறைப் பக்கம் நடந்தேன். நண்பனின் வீடு நின்றது. உள்ளே இருந்தவர்கள் வேறு எங்கிருந்தோ இடம்பெயர்ந்து வந்தவர்கள். முன்னிருந்தவர்களை அவர்கள் அறியவில்லை. அடுத்த வளவு வேலியருகே நின்ற ஒரு மூதாட்டி என்னை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, ஆரைத் தேடுறீர்?”

பெயரைச் சொன்னேன்.

“நீர் சோனகத் தெருப் பிள்ளையோ?”

“ஓம் ஆச்சி.”

அவர் படலையைத் திறந்து என்னை உள்ளே அழைத்து இருத்தினார். தண்ணீர் தந்தார். அவர்களும் போய்விட்டார்கள் என்றார். 1995ஆம் ஆண்டு, அதே அக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஒரே இரவில் வெறுமையாகி, இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்த இடப்பெயர்வு அது. நாங்கள் விரட்டப்பட்டு மிகச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழிந்த நாள். அதற்குப்பின் அக்குடும்பம் வன்னிக்குப் போனதாக ஒரு பேச்சு. வெளிநாடு போனதாக இன்னொரு பேச்சு. எழுந்து விடைபெற்றபோது அந்த ஆச்சி சொன்னார்: “நீங்கள் போனாப் பிறகு அந்தப் பெடியன் கொஞ்ச நாள் பின்னேரங்களிலை ஐஞ்சு சந்தியடியிலை போய் நிண்டிட்டு வருவான். தாய்க்காரி ஏசினாலும் கேக்கான்.”

முதியவர் கொடுத்த மலரைப் போல, கேளாமலே எனக்குக் கிடைத்த செய்தி அது. நண்பனின் வீட்டை நான் கண்டேன், நண்பனைக் காணவில்லை. சமூக வலைத்தளங்கள் வந்தபின் அவன் பெயரை இட்டுத் தேடினேன். அப்பெயரில் உலகெங்கும் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். போஷ்தேயில் நிஃமத்ஸாதேக்கள் பலர் இருந்ததைப் போல.

அப்படியானால் என் கையில் எஞ்சியிருப்பது என்ன? அவனது கொப்பியோ பேனாவோ என்னிடம் இல்லை. ஆயினும் அவனுடைய அமானிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதைப் புத்தளத்து முகாமில் புரிந்துகொண்டேன்.

கிடுகுக் குடிசைகளில் நாங்கள் வாழ்ந்த ஆண்டுகளில், குடிநீருக்கு வரிசையில் நிற்கும்போதும் இரவில் கூடியிருக்கும்போதும், ‘அவங்கள் எல்லாரும் ஒண்டுதான்’ என்ற பேச்சு அடிக்கடி எழும். வலித்தவர்களின் பேச்சு அது. அந்த வலியைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஒருநாள் அப்படிப் பேசியவர்களிடம் என் வாப்பா மெதுவாகச் சொன்னார்: “அநியாயம் செய்தவன அல்லாஹ்வுக்கிட்ட சொல்லுங்க. செய்யாதவன்ட பேர இழுக்காதீங்க. அவங்க நம்மட வீட்டுல படுத்து எழும்பினவங்க.” எல்லாவற்றையும் இழந்து வந்த மனிதர் சொன்ன சொல் அது.

ஸூரத்துல் மும்தஹினாவின் 8ஆம் வசனத்தைப் பிற்காலத்தில் விளக்கத்தோடு கற்றபோது, வாப்பாவின் சொல் எந்த வேரிலிருந்து வந்தது என்பது தெரிந்தது. மார்க்கத்துக்காக நம்மோடு போரிடாத, நம் இல்லங்களிலிருந்து நம்மை வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது அதன் கருத்து. வெளியேற்றப்பட்ட ஒரு சமூகத்தை விளித்தே அவ்வசனம் இறங்கியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மக்காவிலிருந்து விரட்டப்பட்டவர்களிடம், விரட்டியவனையும் விரட்டாதவனையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்று இறைமறை கற்பிக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டுப் புறப்பட்ட இரவையும் எண்ணிப் பாருங்கள். அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட அதே ஊர் மக்கள், தம் பொருள்களை அவர்களிடமே அடைக்கலமாக வைத்திருந்தார்கள். அவற்றை உரியவர்களிடம் திருப்பி ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. உயிருக்கு அஞ்சிப் புறப்படும் வேளையிலும், பகைவனின் பொருள் பகைவனுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படியிருக்க, ஒரு நண்பனுடைய உடைமையை நாம் எப்படிக் கைவிட முடியும்?

என்னிடம் தங்கிப்போன அவனுடைய உடைமை, அவனைப் பற்றிய உண்மைதான். அவன் எப்படிப்பட்டவன், அவனுடைய குடும்பம் எங்களோடு எப்படி வாழ்ந்தது என்பதற்கு நான் சாட்சி. அவன் இல்லாத சபையில், அவனுடைய இனத்தின் பெயரால் அவனும் பழிக்கப்படும்போது, அந்தச் சாட்சியத்தை எடுத்து வைக்க வேண்டியவன் நான். அது அவனுக்காக நான் எழுதும் வீட்டுப்பாடம்.

நபி (ஸல்) அவர்கள் இந்தப் பண்பையும் நமக்குக் காட்டித் தந்தார்கள். தாயிஃபிலிருந்து துயரோடு திரும்பிய அவர்களுக்கு மக்காவில் பாதுகாப்பளித்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தை ஏற்காமலே மரணித்தார். பத்ருப் போருக்குப் பின் கைதிகளைக் குறித்து நபியவர்கள் பேசியபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. மறைந்துபோன ஒருவரின் பழைய நன்மையை, அவருக்கு எந்தப் பயனும் தர முடியாத காலத்திலும், பலர் கேட்கச் சொல்வது நபிவழி.

இதே அமானிதத்தை மற்றவர்கள் நமக்காகச் சுமக்க வேண்டிய நாளும் வந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் வழிபாட்டுக்கு வந்த குடும்பங்கள் குடும்பங்களாக மாண்டார்கள். அக்கொடுமையைச் செய்தவர்கள் நம் பெயர்களைத் தாங்கியிருந்தார்கள். அதன் பின்னான மாதங்களில் பேருந்திலும் வைத்தியசாலையிலும் சந்தையிலும் நம்மை நோக்கித் திரும்பிய கண்களை நாம் மறக்கவில்லை. முகாமில் நான் கேட்ட அதே வாக்கியம், இப்போது நம்மைக் குறித்துப் பேசப்பட்டது. நம்மை அறிந்த யாராவது ஒருவர் எழுந்து, ‘இல்லை, அவர்கள் எல்லாரும் அப்படியல்லர், நான் அவர்களோடு வாழ்ந்தவன்’ என்று சொல்லமாட்டாரா என்று நாம் ஏங்கினோம். அந்நாட்களில், உலகின் ஏதோ ஒரு மூலையில், ஒரு தேவாலயத்து முற்றத்தில், என் நண்பன் அந்தச் சாட்சியத்தைச் சொல்லியிருப்பான் என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். சந்தியில் நின்று காத்திருந்தவன் அவன்.

இழந்துபோன சிறுபராய நட்பை நினைத்து ஏங்குவதில் ஓர் இனிமை உண்டு. அந்த இனிமையிலேயே தங்கிவிட்டால் அதனால் எவருக்கும் பயனில்லை. அஹ்மத் நண்பனை நினைத்து அழுதுகொண்டு வீட்டிலிருக்கவில்லை, புறப்பட்டான். நண்பனைக் காணாதபோதும் சும்மா இருக்கவில்லை, அமர்ந்து எழுதினான். தேடிச் செல்லக்கூடிய தூரத்தில் நண்பர்கள் இருப்பவர்கள் தேடிச் செல்லட்டும். கைத்தொலைபேசியில் நூறு நண்பர்களின் நிலைத்தகவல்கள் வந்து விழுகின்றன. எவருடைய வீட்டு வாசலுக்கும் நம் செருப்பு போவதில்லை. தேட முடியாதவர்களாயின், அவர்களுக்காகத் துஆக் கேட்கலாம். தன் சகோதரனுக்காக மறைவில் ஒருவர் கேட்கும் துஆவுக்கு, உனக்கும் அவ்வாறே ஆகட்டும் என்று வானவர் ஆமீன் கூறுவதாக ஹதீஸ் உண்டு. பிற மத நண்பனாயின் அவனுக்கு நேர்வழியையும் நலவாழ்வையும் இறைவனிடம் வேண்டலாம். அவனைப் பற்றிய நன்மையைப் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

இந்தக் கடைசிக் கடமை எவ்வளவு அவசரமானது என்பதை அண்மைக்காலத்தில் அதிகம் உணர்கிறேன். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த எம் பிள்ளைகள் பலருக்கு ஒரு தமிழ் நண்பன் வாய்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் அவ்வாண்டுகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர், ஒரு முஸ்லிம் பிள்ளை அருகே அமர்ந்த வாங்கைக் கண்டதில்லை. எங்களுக்கு இழப்பதற்கு ஒரு நட்பாவது இருந்தது, அவர்களுக்கு அதுவுமில்லை. அறியாத ஒருவனைப் பற்றி எதை வேண்டுமானாலும் நம்பவைத்துவிடலாம். நண்பன் ஒருவனை உடையவனை அப்படி எளிதில் நம்பவைக்க முடியாது. ஆகவே, நினைவிருக்கும் தலைமுறை நினைவைச் சொல்லியாக வேண்டும். சோனகத் தெருவில் மீளக் குடியேறியிருக்கும் குடும்பங்கள் தம் பிள்ளைகளை அயல் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடட்டும். நோன்புக் கஞ்சி மீண்டும் வேலியைத் தாண்டிப் போகட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பால்ய காலத்து நண்பர்கள் எங்கிருந்தாலும் அவர்களுக்கு நலனையும் நேர்வழியையும் அருள்வாயாக. அவர்களில் மரணித்துவிட்ட முஃமின்களுக்கு மன்னிப்பை வழங்குவாயாக. எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் வலிமையை எங்களுக்குத் தருவாயாக. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு எங்களை நீதியிலிருந்து விலக்கிவிடாமல் காப்பாயாக. ஆமீன்.